பிராண்டுக்கு எழுதினால் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு நியாயம் கிடைக்குமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்கிறேன். விடியும் முன்னே கம்பெனி வேன் வந்து எங்கள் தெருப் பெண்களை வேலந்தாவளம் எல்லை தாண்டி ஏற்றிப் போகிறது, திரும்ப ராத்திரி ஒன்பதாகிறது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பதே கிடையாது. துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுக்கு எழுதினால் பலன் இருக்குமா?

பதில் 1: கட்டாயம் எழுதுங்கள். 2013இல் வங்கதேசத்தில் துணி ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்க நெருக்கியதால்தான் பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

பதில் 2: அக்கா, முதலில் அந்தப் பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரி கூட அனுப்பாதீர்கள், பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். ஆர்டரை நிறுத்தச் சொல்லாமல், குறையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆலைகளில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022இல் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் அப்படித்தான் வந்தது. பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் பிராண்டுகளையும் கட்டுப்பட வைத்தது.

கேட்டவர்: சரி தம்பி. ஆனால் பாதிப் பேருக்குச் சம்பளச் சீட்டே இல்லை, கவரில் பணம்தான்.

பதில் 2: அப்படியென்றால் கவரில் எழுதிய தொகையைப் போட்டோ எடுக்கட்டும். வேன் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் தினமும் நோட்டில் குறிக்கட்டும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தரச் சட்டமே சொல்கிறது, கடிதத்தில் அதையும் சேருங்கள்.