இரும்பு மாத்திரை ஏறவில்லை, தைராய்டும் அடங்கவில்லை: சீலியாக் டெஸ்ட் பற்றி உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு சீலியாக் (கோதுமையிலுள்ள புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) இருக்குமோ என்று சந்தேகம். வயது 29, ஊர் கோவை. ஆன்டி-டிபிஓ பாசிட்டிவ் தைராய்டு (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் வகை), 3 வருடமாக மாத்திரை. 75 மைக்ரோகிராமில் ஆரம்பித்து இப்போது 125, ஆனாலும் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் கூடும் ஹார்மோன்) 9-க்குக் கீழே இறங்கவில்லை. ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) 6. வாய்ப்புண் மாறி மாறி வருகிறது, சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புசம், தினம் 3 முறை இளகிய மலம். 8 மாதத்தில் 46 கிலோவிலிருந்து 41.

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை 4 மணி நேரம் கழித்துத்தான். டீ, காபி பக்கமே போவதில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. ஹெச்.பைலோரி (வயிற்றுக் கிருமி) நெகட்டிவ், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கும் இல்லை. 5 மாதம் மாத்திரையில் ஏறாத ஹீமோகுளோபின், நரம்பு வழி இரும்பு ஏற்றியதும் 11 ஆனது. பிறகு மறுபடி இறங்கிவிட்டது. சிறுகுடல் உறிஞ்சவில்லை என்றே படுகிறது.

சீலியாக்குக்கான டிடிஜி-ஐஜிஏ ரத்த டெஸ்ட் நார்மல் என்பதால் 'ஐபிஎஸ்' (குடல் எரிச்சல் பிரச்சினை) என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மொத்த ஐஜிஏ (அந்த டெஸ்ட் தேடும் எதிர்ப்புப் புரத வகை) 5 மி.கி./டெ.லி. தான்! ஐஜிஏவே இல்லாத உடம்பில் ஐஜிஏ டெஸ்ட் நார்மல் என்று வருவதில் அர்த்தமில்லை. ஐஜிஜி (இன்னொரு எதிர்ப்புப் புரதம்) வகை டெஸ்ட்தான் எடுக்க வேண்டும். முடிவு பொய்யாக நெகட்டிவ் வரக்கூடாது என்று கோதுமையை இன்னும் நிறுத்தவில்லை, தினம் 2 சப்பாத்தி. பாவம், அழுதுகொண்டே சாப்பிடுகிறாள்.

கோவையிலோ சென்னையிலோ அந்த வகையான டிஜிபி-ஐஜிஜி டெஸ்ட் எந்த லேபில் எடுக்கிறார்கள்?