ஆடித் தள்ளுபடியில் ஊசி

குழு: ஆற்காடு தாத்தா வீடு
குழு விதி: முழுத் தமிழில் எழுத வேண்டும். பேச்சு வழக்கில் எழுதினால் சொல்லுக்கு 5 ரூபாய் அபராதம். வசூலாகும் பணத்தில் நம் ஊர் இனிப்பான மக்கன் பேடா. இப்படிக்கு, தாத்தா.

வியாழன்

சித்தி, சத்துவாச்சாரி (காலை 10:14): எல்லோருக்கும் வணக்கம். மீனா கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. நேற்று நிச்சயதார்த்தப் படங்கள் வந்தன. என் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இரண்டு கோடுகள். இடது கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. சம்பந்தி வீட்டுக் கிழவி ஒருத்தி, "பெண்ணுக்குப் பாட்டியா?" என்று கேட்டே விட்டாள். எனக்கு 52 வயதுதான் ஆகிறது.

சித்தி (10:16): தெருமுனை அழகு நிலையத்தில் இதைக் கொடுத்தார்கள். செல்வி, நீ தோல் பிரிவில்தானே இருக்கிறாய், இதைப் போடலாமா?
[படம்: துண்டுச் சீட்டு. "ஆடித் தள்ளுபடி! ஃபில்லர் 7,999 மட்டுமே! ஊசி இல்லை, வலி இல்லை, ஒரே மணி நேரத்தில் இளமை!"]

காட்பாடி மாமா (10:21): சேலைக்கு ஆடித் தள்ளுபடி தெரியும். மூஞ்சிக்குமா? ஒன்று போட்டால் ஒன்று இலவசம் என்றால் சொல் கமலா, நானும் வருகிறேன்.

பெரியம்மா, ராணிப்பேட்டை (10:22): நீ சும்மா இரு. அவளே மனம் நொந்து எழுதியிருக்கிறாள்.

தாத்தா (10:40): ஃபில்லர் என்றால் என்ன?

மாமா (10:41): பள்ளம் விழுந்த இடத்தை நிரப்புவது அப்பா. போடாக்ஸ் என்றும் சொல்வார்கள்.

தாத்தா (10:43): நிரப்பி என்று எழுதலாமே.

நான் (பிற்பகல் 1:35): இப்போதுதான் புறநோயாளிகள் பிரிவில் வேலை முடிந்தது. மாமா, போடாக்ஸ் வேறு, இது வேறு. போடாக்ஸ் தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கிற மருந்து. நெற்றியைச் சுளிக்கும்போது வருகிற கோடுகளுக்கு அதைப் போடுவார்கள். ஃபில்லர் கூழ் போல இருக்கும். தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்து, வற்றிய இடத்தை மேடாக்கும். இன்று அதிகம் போடுவது ஹயலுரோனிக் அமிலம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் (1:38): சித்தி, முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஊசி இல்லை" என்று போட்டிருக்கிறதே, அது பேனா போன்ற ஒரு கருவி. ஊசிக்குப் பதிலாக அழுத்தத்தால் கூழைத் தோலுக்குள் பீய்ச்சும். எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பிடித்திருப்பவருக்கே கட்டுப்பாடு கிடையாது. இந்தப் பேனாவை உதட்டிலும் முகத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது.

சித்தி (1:44): அப்படியானால் போடவே கூடாதா? முகம் மினுமினுவென்று இருக்கும் என்றாளே அந்தப் பெண்.

நான் (1:46): போடக்கூடாது என்று சொல்லவில்லை. யாரிடம் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிவேதா, சென்னை (2:05): அத்தை, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் போட்டுக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே.

மாமா (2:05): என்ன???

நிவேதா (2:06): அப்பா, இதற்காகத்தான் அப்போது சொல்லவில்லை.

மாமா (2:07): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா (2:09): எழுதியதை அழித்தாலும் நான் படித்துவிட்டேன். பெண் சொல்வதைக் கேள்.

நிவேதா (2:20): முதலில் ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மருந்துப் பெட்டியைக் காட்டுங்கள் என்றதற்கு, "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது, தோல் மருத்துவர். அன்றைக்கு ஊசியே போடவில்லை. உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லி, படம் எடுத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதிக்கொண்டு, "வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

நிவேதா (2:27): போட்ட அன்று மரத்துப்போக ஒரு களிம்பு தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெள்ளைப் பென்சிலால் கோலப் புள்ளி மாதிரி குறித்தார். பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, காலாவதித் தேதியைக் காட்டினார். முனை மழுங்கிய நீள ஊசி. வலி என்று சொல்ல முடியாது, உள்ளே யாரோ மெல்லத் தள்ளுவது போல ஓர் அழுத்தம். ஒருமுறை காதுக்குள் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அதற்குத்தான் பயந்துவிட்டேன். ஊசி வேலை இருபது நிமிடம்கூட இல்லை.

நிவேதா (2:31): அடுத்த நாள் காலை கண்ணாடியைப் பார்த்து அழுதேன். இடது பக்கம் மக்கன் பேடா போல உப்பியிருந்தது. வலது பக்கம் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. அது பச்சையாகி, மஞ்சளாகி மறையப் பத்து நாள் ஆனது. அலுவலகத்தில் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத்தான் இரண்டு பக்கமும் சமமாயின. இப்போது பார்த்தால் போட்டதே தெரியாது.

பெரியம்மா (2:33): பொங்கலுக்கு வந்தபோது கண் பளிச்சென்று இருக்கிறதே, நன்றாகத் தூங்குகிறாள் போல என்று நினைத்தேன்.

மாமா (2:35): எவ்வளவு செலவு?

நிவேதா (2:36): ஒரு மில்லி 22,000 ரூபாய்.

தாத்தா (2:41): ஒரு மில்லி என்பது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. தங்க விலை போல இருக்கிறதே.

நான் (2:44): அதனால்தான் சித்தி, 7,999 என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது? சிலிகோனா, வேறு ஏதாவதா? ஹயலுரோனிக் அமிலம் என்றால் ஒரு வசதி உண்டு. வேண்டாம் என்றாலோ ஏதாவது தவறாகப் போனாலோ ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். மற்ற கூழ்களை அப்படிக் கரைக்க முடியாது.

பெரியம்மா (2:50): ஒரு சந்தேகம். இது சைவமா? கல்யாணம் முடிந்த கையோடு கமலா இரத்தினகிரி முருகனுக்கு விரதம் இருப்பதாக வேண்டியிருக்கிறாள்.

நான் (2:53): நல்ல கேள்வி பெரியம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்த அமிலத்தைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இந்த அமில ஊசி வருவதற்கு முன்பு, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கொலாஜன் ஊசி மாட்டுத் தோலிலிருந்து வந்தது. இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களை வளர்த்து, நொதிக்க வைத்து எடுக்கிறார்கள்.

மாமா (2:54): சேவல் கொண்டை! கமலா, விடியற்காலையில் கூவாமல் இருந்தால் சரி.

சித்தி (3:10): எல்லோரும் சிரித்தது போதும். எவ்வளவு நாள் நிற்கும்? காலத்துக்கும் இருக்குமா?

நான் (3:18): இருக்காது. இடத்தையும் மருந்தையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை. உதடு எப்போதும் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே சீக்கிரம் கரையும். கன்னத்தில் கொஞ்சம் நாள் பிடிக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வேண்டும். வீக்கம் வடிய நேரம் வேண்டும், குறை இருந்தால் சரிசெய்யவும் நேரம் வேண்டும். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் வேலூர் வெயிலில் அலையக்கூடாது, ஆவி பிடிக்கக்கூடாது, முகத்தை அழுத்தித் தேய்க்கக்கூடாது. மஞ்சள் பூசுவதும் வேண்டாம்.

சித்தி (3:22): நான் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேனே, இதயத்துக்கு. அதை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாள் அந்த அழகு நிலையப் பெண்.

நான் (3:23): நிறுத்தவே நிறுத்தாதீர்கள்!! ஆஸ்பிரின் சாப்பிட்டால் ஊசி போட்ட இடம் அதிகம் கன்றிப்போகும், அது உண்மை. ஆனால் அதை நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர், புருவம் திருத்துகிற பெண் அல்ல.

நான் (3:31): இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கூழ் தவறி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றுவிடும். தோல் சுண்ணாம்பு போல வெளுக்கும், பிறகு வலை விரித்தாற்போல நீலத் திட்டு, கூடவே கடுமையான வலி. மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகிற குழாய்களோடு தொடர்புள்ளவை. அதனால் பார்வையே போன ஆட்கள் உண்டு. கண் மங்கினாலோ பேச்சுக் குழறினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, அந்த நிமிடமே ஓட வேண்டும். எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "கரைக்கிற மருந்து இங்கே, இப்போது, இந்த அலமாரியில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

பெரியம்மா (3:34): கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது.

மீனா (4:02): அம்மா!!! நான் அலுவலகத்தில் இருக்கிறேன், இங்கே 40 செய்தி வந்து கிடக்கிறது. உன் முகத்துக்கு என்ன குறை?

சித்தி (4:05): நீ பேசாதே. உனக்கு மட்டும் மணப்பெண் அலங்காரத்துக்கு 35,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். நான் ஒருநாள் கண்ணாடியைப் பார்க்கக்கூடாதா?

மீனா (4:06): சரி சரி. போ. ஆனால் அந்தப் பேனா வேண்டாம்.

நான் (4:15): அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது மீனா. சித்தி, தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோ, மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, நானும் வருகிறேன். வாயோரத்தில் அக்கி மாதிரிக் கொப்புளம் அடிக்கடி வருமா? பல்லில் ஏதாவது வேலை நடக்கிறதா?

சித்தி (4:19): கொப்புளம் இல்லை. பல்தான். இடது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டு போய் நாலு வருடம் ஆகிறது, கட்ட வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏன் கேட்கிறாய்?

நான் (4:20): பல் வேலைக்கும் ஊசிக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். வாயிலிருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து ஊசி போட்ட இடத்தில் போய்த் தங்கிவிடக்கூடாது.

சனி

நான் (பிற்பகல் 12:50): பார்த்துவிட்டு வந்தோம். சித்தி ஆட்டோவில் வாயைத் திறக்கவில்லை, அவர்களே சொல்லட்டும்.

சித்தி (1:25): மருத்துவர் அரை மணி நேரம் பார்த்தார். கன்னத்தை உள்ளேயும் வெளியேயும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் குழிந்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பல் இல்லாத பக்கம். உள்ளே தாங்கல் போனதால் கன்னம் அமுங்கிவிட்டதாம். முதலில் பல்லைக் கட்டுங்கள், பிறகு வந்தால் மூக்கோரக் கோட்டுக்கு மட்டும் கொஞ்சம் போடலாம், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம் என்றார். ஆஸ்பிரினைப் பற்றி இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்.

மாமா (1:27): கட்டணம்?

சித்தி (1:28): 500.

நிவேதா (1:30): கரைக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்டீர்களா அத்தை?

சித்தி (1:32): கேட்டேன். எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். ஏதோ மருந்துக் கடைக்காரி கேட்பது போல என்னைப் பார்த்தார்.

தாத்தா (1:40): இந்த வாரம் முழுவதும் ஒரு அபராதமும் வசூலாகவில்லை. பேடாவுக்கு யார் பணம் தருவது?

மாமா (1:41): நிவேதா தருவாள். 22,000 இருந்தது அல்லவா.

சித்தி (1:55): திங்கட்கிழமை 11 மணிக்குப் பல் மருத்துவர். செல்விக்கு வேலை இருக்கிறது. துணைக்கு யாராவது வருகிறீர்களா?

பெரியம்மா (1:58): நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். திரும்பும்போது மார்க்கெட்டில் இறங்கி முள்ளுக் கத்தரிக்காய் வாங்க வேண்டும், பையை நீ எடுத்து வா.

சித்தி (1:59): சரி அக்கா.