மறுமொழி: ஹைப்பர்பேரிக் ஆக்சிஜனேஷன், தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹைப்பர்பேரிக் ஆக்சிஜனேஷன் என்ற சிகிச்சைக்கு 'உயரழுத்த ஆக்சிஜனேற்றம்' என்று வந்த பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். பள்ளிப் பாடநூலில் ஆக்சிஜனேற்றம் என்றால் ஆக்சிடேஷன். இரும்பு துருப்பிடிப்பது போன்ற வேதிவினை. இலங்கையில் ஒட்சியேற்றம் என்பதும் அதுவே. இங்கே நடப்பது வேறு. நோயாளியை அழுத்த அறையில் வைத்து, 2 முதல் 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருப்பதால், கூடுதலாக வரும் ஆக்சிஜன் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைகிறது. சாதாரணக் காற்றில் 100 மி.லி. இரத்தத்தில் 0.3 மி.லி. கரைந்திருக்கும், 3 வளிமண்டலத்தில் அது சுமார் 6 மி.லி. ஆகிவிடும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிகளை இந்தக் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டே உயிரோடு வைத்துக் காட்டினார். இதை ஆக்சிஜனூட்டம் என்பதே பொருந்தும். உயிர்வளியூட்டம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

கல்லீரல் அறுவைக்குப் பின் இந்தச் சிகிச்சை தருவதைப் பற்றிய நம் கட்டுரையில் இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும் பாக்டீரியாக்களை விழுங்குபவை கல்லீரலின் குப்ஃபர் செல்கள். கிருமியை அழிக்க உதவும் இரத்தப் புரதங்களான காம்ப்ளிமென்ட் புரதங்களில் பெரும்பகுதியும் கல்லீரலில்தான் உருவாகிறது. அறுவையில் கல்லீரலின் பெரும்பகுதி போய்விட்டால் இரண்டுமே குறையும். பாரமெல்லாம் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் மேல் விழும். அவை ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாக்கி, விழுங்கிய கிருமியைக் கொல்கின்றன. ஆக, ஆக்சிஜனூட்டம் கூடினால் நியூட்ரோஃபிலின் ஆக்சிஜனேற்றத் தாக்குதல் வலுக்கும் என்பதே இந்தச் சிகிச்சையின் எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

அப்புறம், 'உயரழுத்தம்' என்றதும் எல்லாருக்கும் பிபி தான் நினைவுக்கு வரும். 'உயர்வளியழுத்த ஆக்சிஜனூட்டம்' என்று வைக்கலாம். நீளம்தான், சரி, நோயாளிக்கான கையேட்டில் 'அழுத்த அறைச் சிகிச்சை' போதும்.

இன்னொன்று, கட்டுரையில் வரும் 'இரத்தத்தின் பாக்டீரியா எதிர்ப்புத்திறன்' என்ற தொடர். மருந்துக்குப் பாக்டீரியா காட்டும் எதிர்ப்பையும் நாம் எதிர்ப்புத்திறன் என்றே எழுதுகிறோம். யார் யாரை எதிர்க்கிறார் என்று வாசகர் தடுமாறுவார். சீரத்தின் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரின்) கிருமியழிக்கும் ஆற்றலை 'பாக்டீரியா கொல்திறன்' என்றும், விழுங்குவதும் கொல்வதும் சேர்ந்த மொத்தத்தை 'பாக்டீரியாத் தற்காப்பு' என்றும் பிரிக்கலாமா? இதில் 'தற்காப்பு' எனக்கே முழு நிறைவாக இல்லை. 'அரண்' என்று யோசித்தேன், ஆனால் அது அசையாமல் நிற்கும் மதில். நியூட்ரோஃபில்களோ கிருமியைத் தேடிப்போய்ப் பிடிப்பவை. பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.