நெஞ்சில் துடிப்பு விட்டுப்போவது போன்ற உணர்வு: எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

கேள்வி

வணக்கம். எனக்கு 46 வயதாகிறது. மூன்று வாரங்களாக, இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும், நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போனது போலவும், அடுத்த கணமே உள்ளிருந்து யாரோ ஓங்கிக் குத்தியது போலவும் உணர்கிறேன். பெரும்பாலான இரவுகளில் இரண்டு மூன்று முறை வந்து அடங்கிவிடும். முந்தாநாள் இரவு மட்டும் அரை மணி நேரத்துக்கும் மேலாக விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லை. பகலில் மாடிப்படி ஏறும்போதுகூட எதுவும் தெரிவதில்லை.

சென்ற வாரம் ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே மறுபடியும் வந்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தபோது, 76 என்று காட்டிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு 38க்கு இறங்கி, சற்று நேரத்தில் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. அந்த எண்ணைக் கண்டதிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. இது அஞ்ச வேண்டியதா, இல்லையா என்பதை வீட்டிலிருந்தபடியே ஓரளவுக்காவது அறிந்துகொள்ள வழி இருக்கிறதா? எந்தக் கட்டத்தில் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்?

பதில் 1

நான் பல ஆண்டுகளாக ஈசிஜி எடுக்கும் பணியில் இருக்கிறேன். நோய் இன்னதென்று சொல்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் அந்தக் குத்து எங்களுக்கு மிகவும் பழக்கமானது.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு திசுமுடிச்சுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டலை அனுப்புகிறது. சில நேரங்களில் இதயத்தின் வேறோர் இடம் அதை முந்திக்கொண்டு தூண்டிவிடும். அப்போது ரத்தம் முழுதாக நிரம்புவதற்குள் கீழறை சுருங்கிவிடுவதால், அந்த அவசரத் துடிப்பு வலுவில்லாமல் போய்விடுகிறது. அதைத்தான் ‘விட்டுப்போனது’ என்று உணர்கிறோம். அதன்பின் வரும் இடைவெளி வழக்கத்தைவிட நீள்கிறது. அந்த நேரத்தில் கீழறையில் கூடுதலாக ரத்தம் நிரம்பி, அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. ஆகவே உங்களை அச்சுறுத்தும் அந்தக் குத்து, பெரும்பாலும் தவறான துடிப்பு அன்று. அதற்கு அடுத்து வரும் முறையான துடிப்பு. இடப்பக்கம் படுக்கும்போது இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை நெருங்கி வருவதால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

38 என்பது 76இல் சரிபாதி என்பதைக் கவனித்தீர்களா? ஒன்றுவிட்டு ஒன்று அவசரத் துடிப்பாக வரும்போது, வலுவற்ற துடிப்பு விரல்நுனி வரை எட்டாமல் போகலாம். கருவி பாதியை மட்டும் எண்ணும். இதை உறுதிப்படுத்த ஈசிஜி பதிவு தேவை, ஆனால் அந்த எண்ணுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும்.

வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது 10 விநாடி மட்டுமே. ஒரு நாளில் இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது; அந்தப் பத்து விநாடியில் பன்னிரண்டு துடிப்புகளைப் பார்த்துவிட்டு இரவில் நடப்பதைச் சொல்லிவிட முடியாது. 24 அல்லது 48 மணி நேரம் உடலிலேயே மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை நாடியைக் கையால் பார்க்கப் பழகுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட முக்கியமானது தாளம்: எத்தனை துடிப்புக்கு ஒருமுறை விடுகிறது, விட்டபின் பழைய தாளத்துக்குத் திரும்புகிறதா என்பது. மருத்துவர் முன் அந்தத் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். ‘படபடப்பாக இருக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது அவருக்கு எவ்வளவோ உதவும்.

பதில் 2

மேலே உள்ள பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தந்தைக்கு ஒரு குத்தும் தெரியவில்லை, படபடப்பும் தெரியவில்லை. சில மாதங்களாகச் சற்றுத் தூரம் நடந்தாலே களைத்துப்போனார். வயதாகிவிட்டது என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம். வீட்டிலிருந்த பிபி கருவி அடிக்கடி பிழை காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கினோம், அதுவும் அப்படியே காட்டியது. ஒருநாள் காலையில் அவருக்குப் பேச்சு குழறி, வாய் ஒரு பக்கம் கோணியபோதுதான், அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் இருந்தது தெரியவந்தது.

அந்த நிலையில் மேலறைகள் சுருங்குவதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்த உறைவு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வருகிறது. அந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று மருத்துவர் அன்று சொன்னார். உறையாமல் தடுக்கும் மாத்திரையால் அதைப் பெருமளவு குறைத்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்போது அவருடைய நாடியை வாரம் ஒருமுறை நானே பார்க்கிறேன். ஒரு துடிப்பு விட்டுத் தாளத்துக்குத் திரும்புவது போல அது இருக்காது. இரண்டு நெருங்கி வரும், ஒன்று தள்ளி வரும், ஒன்று அழுத்தமாகவும் அடுத்தது நூலளவாகவும் வரும், எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தாலும் ஒரு ஒழுங்கும் பிடிபடாது. வீட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இப்படி இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு ஐந்தாறு முறை விடுகிறது, பிறகு பழைய தாளத்துக்கே திரும்புகிறது. ஒரு மாதமாக மூக்கடைப்புக்கு மாத்திரை எடுத்து வருகிறேன், காபியும் கூடியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா 34 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில் 3

நான் மருத்துவர். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். மூக்கடைப்பு மாத்திரைகளில் சில இதயத்தைத் தூண்டக்கூடியவை. காபி, புகை, மது, தூக்கக்குறைவு, தைராய்டு மிகைப்பு, ரத்தசோகை, பொட்டாசியக் குறைவு ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடும். மாத்திரையைத் தொடர்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

ஆனால் உங்கள் சித்தப்பாவைப் பற்றிய செய்தியை நான் எளிதாக விட்டுவிட மாட்டேன். இளவயதில் காரணம் தெரியாமல் நேர்ந்த மரணம், இதயத் தசை தடிப்பது, மின்னோட்டக் கோளாறு போன்ற பரம்பரை நோய்களின் அடையாளமாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறேன். அடுத்த மாதம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரத்திலேயே இதயநோய் மருத்துவரைப் பாருங்கள்; ஹோல்டர், எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் இரண்டும் தேவைப்படலாம். சித்தப்பாவின் மரணத்தை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அதற்குள் மயக்கம் வந்தாலோ, வரப்போவது போல் கண் இருட்டினாலோ, நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே துடிப்பு 120க்கு மேல் ஓடிப் பல நிமிடங்களாகியும் தணியாவிட்டாலோ, காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உடற்பயிற்சியின் நடுவே மயங்கி விழுவது, உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், அவசரம்தான். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் கண்டால் அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சென்ற வாரம் எடுத்த ஈசிஜி தாளையும் எடுத்துச் செல்லுங்கள். புதியதோடு ஒப்பிட அது வேண்டும். வெப்பத்தால் பதியும் தாள் என்பதால் நாளடைவில் கோடுகள் மங்கிவிடும்; இப்போதே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.