மறு: ‘வேசர் மறுமலர்ச்சி’ – சொல்லை முடிவு செய்வோமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வட ஜெர்மனியில் வேசர் ஆற்றையொட்டி 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்க் கலைச்சொல் பட்டியல் பற்றி, இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

> ‘வேசர் மறுமலர்ச்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இதில் என்ன சிக்கல்?

ஒரு புள்ளிதான் சிக்கல். நாகரம், வேசரம், திராவிடம் என்ற கோயில் வகைகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சில் ‘ர்’ மேலுள்ள புள்ளி விடுபட்டால் ‘வேசர மறுமலர்ச்சி’ ஆகிவிடும்; வாசகர் சாளுக்கியர் கோயில்களைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். எனவே ஆறு என்ற சொல் உள்ளே வந்தாக வேண்டும். ‘வேசராற்று மறுமலர்ச்சி’ என்பது என் முன்மொழிவு. கூடவே ‘பாணி’ என்று ஒட்ட வேண்டாம். கலை வரலாற்றாளர் ரிச்சர்ட் கிளாப்ஹெக் 1912இல் இந்தப் பெயரைச் சூட்டினார். மாக்ஸ் சோன்னன் 1918இல் பரப்பினார். இதே அலங்காரங்கள் நெதர்லாந்திலும் ஜெர்மனியின் பிற பகுதிகளிலும் உண்டு, ஆகவே தனிப் பாணி என்று கூற முடியாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள். ‘வேசராற்று மறுமலர்ச்சிக் கட்டடங்கள்’ என்றால் அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை.

> ஹேமல்ஷென்பூர்க், பூக்கபூர்க் எல்லாம் ‘பூர்க்’ என்றே முடிகின்றன. கோட்டை என்பதே சரி.

ஜெர்மன் மொழியில் ‘பூர்க்’ என்றால் கோட்டைதான். ஆனால் பெயர் பழையது, கட்டடம் வேறு. ஹேமல்ஷென்பூர்க்கை 1588 முதல் எழுப்பியது கிளென்க்கே என்ற பிரபுக் குடும்பம். அகழி உண்டு, பாலம் உண்டு. ஆனால் முற்றுகையைத் தாங்கும் எண்ணத்தோடு இத்தனை பெரிய ஜன்னல்களை யாரும் வைக்க மாட்டார்கள். ஊரார் பார்த்து வியப்பதற்காகக் கட்டிய வீடு அது. டெட்மோல்ட், ஸ்டட்ஹாகன் போல ஆளும் குடும்பங்கள் வாழ்ந்தவற்றை ‘அரண்மனை’ என்போம். ஹேமல்ஷென்பூர்க், பெவர்ன், ஷ்வோபர் போன்றவை ‘மாளிகை’. ‘அரண்மனை’யிலேயே அரண் இருக்கிறதே என்று ஒருவர் கேட்பார்; இன்று அந்த அரண் யார் காதிலும் விழுவதில்லை.

இந்தப் பிரிவினை வெறும் மரியாதைக் கணக்கு அன்று. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தானிய விலை ஏறியது. நிலம் வைத்திருந்த பிரபுக்கள் கொழுத்தார்கள். கூலிப்படைத் தலைவர்களாகப் போனவர்கள் இன்னும் கொழுத்தார்கள். ஷ்வோபரைக் கட்டத் தொடங்கிய ஹில்மர் ஃபான் முன்ஷ்ஹவுசன் அப்படிப்பட்டவர். அவருடைய மகன் ஸ்டாட்டியுஸ் 1603 முதல் 1612 வரை பெவர்னை நான்கு பக்கமும் மூடிய மாளிகையாக எழுப்பினார். பிறகு கடனில் மூழ்கினார். (பொய்க்கதைகளுக்குப் பேர்போன முன்ஷ்ஹவுசன் பிரபுவும் இதே குலம்தான், பிறந்த ஊர் வேசர் கரையிலுள்ள போடன்வெர்டர்.) 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் இந்தக் கட்டட மோகத்தை ஏறக்குறைய முடித்து வைத்தது.

உறுப்புகளின் பெயர்களுக்கு வருகிறேன். எனக்கு ஆசை இங்கேதான். கூரை விளிம்பில், வெளிச்சுவரின் நேர் மேலே, தனி முகப்போடு எழும் சிறு வீடு போன்ற பகுதி இந்தக் கட்டடங்களின் முதல் அடையாளம். அதன் முகடு பெருங்கூரையின் முகட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது. ஆகவே ‘குறுக்குமாடம்’. ‘நாசிகை’ (கோயில் விமானத்தில் துருத்தி நிற்கும் வளைவு முகப்பு) என்று முன்மொழிந்தவரின் சிற்ப நூல் அறிவை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் விமானமும் யாளிமுகமும் கண்முன் வருவதை எப்படித் தடுப்பது?

சிற்றுளியால் நட்சத்திரமும் கட்டமுமாகக் குடைந்த சதுரக் கற்களை வரிவரியாகச் சுவரில் பதித்திருப்பார்கள். இதற்குப் ‘பொளிகல்’ போதும். சுவரில் இரும்புப் பட்டைகளை ஆணியடித்துப் பொருத்தியது போலக் கல்லிலேயே செதுக்கும் வேலைக்கு ‘பட்டை அலங்காரம்’ என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். உலக்கைக்குப் போடும் பூண் நினைவுக்கு வருவதால் ‘பூண்வேலை’ என்கிறேன். இரண்டையும் பிரேமன் நகரமன்றத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். இடைக்காலக் கட்டடமான அதற்குக் கட்டடக் கலைஞர் லூடர் ஃபான் பெந்தைம் 1608க்குப் பிறகு புது முகப்புக் கொடுத்தார். அங்கே பல காலத்து வேலை கலந்து கிடக்கிறது. ஹேமல்ஷென்பூர்க்கின் படங்களே நல்ல உரைகல்.

சுவரிலிருந்து அந்தரத்தில் துருத்தி நிற்பது ‘தொங்குமாடம்’, தரையிலிருந்தே எழுந்து துருத்துவது ‘நிலைமாடம்’ என்பதில் எவருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சம் ஒன்று. ஸ்டட்ஹாகன் முகப்புகளின் உச்சியில் அரைவட்டங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஜெர்மானியர் அவற்றை ‘வெல்ஷ்’ முகப்பு என்பார்கள். இத்தாலி முதலான அயல்நாட்டாரைக் குறிக்கும் பழஞ்சொல் அது. ‘இத்தாலிய முகப்பு’ என்றால் இத்தாலியில் இருப்பதாகப் பொருள்படும். ‘அயல் முகப்பு’ என்றால் யாருக்கு அயல் என்ற கேள்வி எழும். ‘பிறைமுகப்பு’ என்று வடிவத்தைச் சொல்லிவிடலாமா? பிறை அரைவட்டம் ஆகாது என்ற ஆட்சேபம் வரும் என்று தெரியும். வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்; அதுவரை பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.