கேஎல் (கோலாலம்பூர்) வந்திறங்கிய ஆஃப்ஷோர் தம்பிகளுக்கு: கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: அண்ணா, வணக்கம். கேஎல் வந்து சில நாள்தான் ஆகிறது, பிரிக்ஃபீல்ட்ஸில் அறை. ஊரில் ரீஃபைனரியில் பம்ப், வால்வு மெயின்டனன்ஸ் பார்த்தேன். இங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஆஃப்ஷோர் வேலை, அதாவது கடலில் உள்ள எண்ணெய் மேடையில். போஸியட் என்ற அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் எல்லா சர்டிபிகேட்டும் சேர்த்து மலிவாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு நீச்சல் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, ஏஜென்ட்டுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள். முதலில் கம்பெனி எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்த கோர்ஸ் வேண்டும், கட்டணம் யாருடையது, வேலை எந்தக் கடலில்? பதில் எழுத்தில் வரட்டும்.

போஸியட்டில் இரண்டு வகை உண்டு. இந்தப் பக்கத்து வெப்பமான கடலுக்கு டி-போஸியட் போதும். குளிர்கடல் உடுப்பு பயிற்சி அதில் கிடையாது. பின்னாளில் நார்த் சீ பக்கம் போகும் எண்ணம் இருந்தால் முழு போஸியட் எடுப்பது நல்லது, அது இங்கேயும் செல்லும். இரண்டும் 4 வருடத்துக்குத்தான். காலாவதி ஆவதற்கு முன்பே ஃபோயட் என்ற சின்ன புதுப்பிப்பு கோர்ஸை முடித்துவிட வேண்டும். நாள் தவறினால் மறுபடி முழு கோர்ஸ்தான். இந்தப் பயிற்சிகளுக்குத் தரம் வகுக்கும் ஒபிடோ அமைப்பு தன் இணையதளத்தில் அங்கீகரித்த மையங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் மையத்தின் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். திரெங்கானுவில் கெமாமான் பக்கம் போகச் சொன்னால் பயப்பட வேண்டாம், அங்கே எண்ணெய்த் தொழில்தான் பிழைப்பே.

நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் நீச்சல் குளத்தில் இறக்குவார்கள், டைவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பதறி உடனே பெல்ட்டை அவிழ்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், உடம்பு மிதந்ததும் திசை தெரியாமல் போய்விடும். ஒரு கை ஜன்னல் ஓரத்தைப் பிடித்திருக்க வேண்டும். கூண்டு அசைவது நின்ற பிறகு ஜன்னலைத் தள்ளுங்கள், கடைசியாக பெல்ட். காலையில் வாழை இலைச் சாப்பாடு அளவுக்கு வயிற்றை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் வேலைக்கு இதைவிட முக்கியமானது பெர்மிட் டு வொர்க், அதாவது ஒரு வேலையைத் தொடங்கும் முன் வாங்கும் எழுத்து அனுமதி. ரீஃபைனரியில் பார்த்திருப்பீர்கள், ஆனால் நடுக்கடலில் ஓடி ஒதுங்க இடமில்லை. 1988 ஜூலை 6 அன்று நார்த் சீயில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அதன் தொடக்கம் உங்கள் துறைதான். ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி, குழாய் வாயை பிளைண்ட் ஃபிளாஞ்ச் (துளையில்லாத மூடித் தகடு) வைத்து மூடியிருந்தார்கள். வால்வு கழற்றியிருப்பது இரவு ஷிப்ட்டுக்குத் தெரியவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள், கேஸ் கசிந்தது. அதனால் ஷிப்ட் மாறும்போது "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுக்கு ஓடாதீர்கள். எது திறந்து கிடக்கிறது, எந்த ஐசொலேஷன் (லைனை அடைத்துப் பூட்டுவது) போட்டிருக்கிறது என்று ஆளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தப் பூட்டு உங்களுடையது என்றால் சாவியும் உங்கள் பையில்தான். சூப்பர்வைசர் கேட்டாலும் தரக்கூடாது, அவர் மனம் கோணினால் கோணட்டும்.

டேங்க், வெஸல் (மூடிய கலன்) உள்ளே இறங்கும் வேலை இருந்தால், அடைபட்ட இடத்துக்குள் போகிறவருக்கும் வெளியே காவல் நிற்பவருக்கும் உள்ள ஏஇஎஸ்பி கோர்ஸ் தனியாகக் கேட்பார்கள். பாங்கியில் உள்ள நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிறது. கேஸ் டெஸ்ட்டில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் உள்ளே போகாதீர்கள். எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) என்ற விஷ வாயு விஷயத்தில் மூக்கை நம்பவே வேண்டாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. டிடெக்டர் கத்தினால் காற்றின் குறுக்காகவோ எதிராகவோ விலகுங்கள்.

எந்தக் கடல் என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சபா, சரவாக்கில் இமிகிரேஷன் தனி. தீபகற்பத்துக்கு வாங்கிய வேலை பாஸை வைத்துக்கொண்டு சரவாக்கில் வேலை செய்ய முடியாது, அதற்கு அங்கே தனியாக எடுக்க வேண்டும். சோஷியல் விசிட் பாஸில் (சுற்றிப்பார்க்க வருபவருக்கான பாஸ்) "முதலில் ஏறிவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள். பிடிபட்டால் கம்பி எண்ணப்போவது நீங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. எச்ஆருக்கு மெயில் போட்டுவிட்டேன். 28 நாள் கடல், 28 நாள் லீவ் என்கிறார்கள். லீவ் முழுக்க ஊருக்குப் போய்விடலாமா?

பதில்: போகலாம், ஆனால் வரியைக் கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். வருடத்தில் 182 நாள் மலேசியாவில் இருந்தால்தான் பொதுவாக வரிக்கு ரெசிடென்ட் (உள்நாட்டில் வசிப்பவர்) கணக்கு. இல்லாவிட்டால் சம்பளத்தில் நேராக 30 சதவீதம், எந்தக் கழிவும் கிடையாது. பாதி வருடம் ஊரில் இருந்தால் நாள் கணக்கு விளிம்பில் நிற்கும், ஊரில் இருக்கும் நாள் கொஞ்சம் கூடினாலே 182-க்குக் கீழே போய்விடும். பாஸ்போர்ட் முத்திரைகளை போட்டோ எடுத்து வையுங்கள். பேரோலில் இருப்பவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், டிசம்பரில் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.