அட்டைக் கொடுப்பனவு இல்லாத கடைத் தளத்துக்கும் எச்டிடிபிஎஸ் தேவையா?

மருதமுனைத் தறி:
அனைவருக்கும் வணக்கம். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் விற்கும் எங்கள் கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இணையத்தளம் ஒன்றை அமைத்தோம். துணிகளின் படங்கள், விலைகள், ஓடர் படிவம், பணம் வைப்பிலிட வேண்டிய வங்கிக் கணக்கிலக்கம் ஆகியவையே அதில் உள்ளன. அண்மையில் கொழும்பிலிருந்து ஓடர் கொடுக்க முயன்ற ஒருவர், தள முகவரிக்கு அருகே "பாதுகாப்பற்றது" என்று குரோம் காட்டுவதால் படிவத்தை நிரப்பத் தயங்குவதாகத் தொலைபேசியில் சொன்னார். அட்டை விவரம் எதையும் நாம் கேட்காதபோதும் எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான இணைப்பு முறை அவசியமா? தளத்தை அமைத்துத் தந்தவர் அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழுக்கென ஆண்டுக் கட்டணம் கேட்கிறார், அது நியாயம்தானா?

கல்லடி வலை:
உங்கள் தளத்துக்குக் கட்டாயம் அவசியம். இப்போதைய நிலையில் வாடிக்கையாளர் எழுதும் பெயரும் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் மறைக்கப்படாத எழுத்தாகவே பயணிக்கின்றன. அவர் பொது வைஃபை ஒன்றில் இருந்தால், அந்த இணைப்பைக் கட்டுப்படுத்துபவர் அவற்றை வாசிக்கலாம்.

ஆனால் வாசிக்கப்படுவதைக் காட்டிலும் மாற்றப்படுவதுதான் எனக்குப் பெரிய அச்சம். குறியாக்கம், அதாவது பிறர் வாசிக்க முடியாதபடி தரவை மாற்றும் முறை, இல்லாத பக்கத்தை இடையில் இருப்பவர் திருத்தி அனுப்ப முடியும். உங்கள் கடையின் பெயரும் சேலைப் படங்களும் அப்படியே இருக்க, கணக்கிலக்கம் மட்டும் வேறொருவருடையதாக வாடிக்கையாளரின் திரையில் தோன்றினால், அவர் எந்தச் சந்தேகமும் இன்றி அந்தக் கணக்கில் பணத்தை வைப்பிலிட்டுவிடுவார். எச்டிடிபிஎஸ் தரவைக் குறியாக்குவதோடு, வழியில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதைக் கண்டுபிடிக்கவும், தொடர்பு கொள்வது உங்கள் டொமைனுடன்தானா (தள முகவரியுடன்தானா) என்று உறுதிசெய்யவும் வழிசெய்கிறது. ஆகவே, அட்டை விவரம் கேட்கவில்லை என்பதை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது.

அந்த எச்சரிக்கையும் புதிதல்ல. 2018 ஜூலையில் வெளியான குரோம் 68இலிருந்து குறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி முறையில் இயங்கும் எல்லாத் தளங்களுக்கும் அது காட்டப்படுகிறது. தேடல் தரவரிசையில் எச்டிடிபிஎஸ்ஸையும் ஒரு சிறு காரணியாகக் கருதுவதாகக் கூகுள் 2014இலேயே அறிவித்துவிட்டது.

பொத்துவில் விடுதி:
மேலே சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். அறுகம்பேக்கு அலைச்சறுக்கு விளையாட வருபவர்கள் எங்கள் முன்பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டு இலக்கத்தையும் வருகைத் திகதியையும் எழுதுகிறார்கள். நம்மை நம்பித் தரப்படும் அத்தகைய விவரங்களைத் திறந்த வழியில் அனுப்பவைப்பது முறையல்ல. நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறியாக்கத்தைப் பாதுகாப்பு வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: போலித் தளம் நடத்துபவரும் சான்றிதழ் பெறலாம். இணைப்பு பாதுகாப்பானது என்பதற்கே அது சாட்சி, கடைக்காரரின் நேர்மைக்கு அல்ல.

கல்லடி வலை:
கட்டணத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகிறது. தளங்களைத் தம் கணினிகளில் வைத்து இயக்கும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தம் சேவையுடன் சேர்த்தே தருகின்றன. உங்களிடம் கேட்கப்படுவது சான்றிதழின் விலையா, பராமரிப்புக் கூலியா என்று தெளிவாகக் கேளுங்கள். கூலியென்றால் அதில் தவறில்லை, ஏனெனில் வேலை உண்மையிலேயே இருக்கிறது. பழைய முகவரிகள் அனைத்தையும் 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றத்தால் எச்டிடிபிஎஸ் முகவரிகளுக்குத் திருப்ப வேண்டும். பக்கங்களுக்குள் எச்டிடிபி என்றே எழுதப்பட்டுள்ள படங்களின் இணைப்புகளையும் திருத்த வேண்டும்.

மருதமுனைத் தறி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு தடவை செய்துவிட்டால் போதுமா?

கல்லடி வலை:
போதாது. லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழமையான சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், புதுப்பித்தல் தானாகவே நடக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். காலாவதியானால் உலாவி முழுத்திரை எச்சரிக்கையைக் காட்டி வாடிக்கையாளரைத் தளத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கும்; அது இப்போதைய நிலையைவிட மோசமானது. புதுப்பித்தல் தவறினால் மின்னஞ்சலில் அறிவிப்பு வரும்படி அமைக்கப்பட்டுள்ளதா என்பதையும் தளத்தை அமைத்தவரிடம் இப்போதே கேட்டு, உங்கள் முகவரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.